பயாஸ்கோப் அறைக்கு ஒரு ஜன்னல்

தேக்காவில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் அப்பா சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது, எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் எனக்கு வீடு கட்டவும் தெரியும் என்று அப்பா நம்பினார். கஷ்டம் என்னவென்றால், நானும் நம்பினேன்.

அப்போது பீச் ரோட்டில் கூடாரம் அடித்து பயாஸ்கோப் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். ரயில் வரும் இடத்தில் நானே ஊதினேன்.

"இதுவே நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், கூடாரத்துக்குப் போகமாட்டார்கள். அம்மா பயாஸ்கோப் பார்க்க வேண்டுமானால், அதை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வழி. கிழக்கு மூலை அறையில் பெரிய ஜன்னல் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். பட்டப்பகலிலும் இருட்டு வேண்டுமென்று, அதே அறையை ஜன்னலே இல்லாமல் வரைந்தேன். பள்ளிக்கூடத்து அடிக்கோலை வைத்து வரைந்ததால் கோடெல்லாம் நேராகவே இருந்தது.

கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது ரூமா, ஜெயிலா?"

"பயாஸ்கோப் அறை."

"அதுக்குள்ள மூச்சு விட வேணாமா லா?"

அப்பா எனக்காகப் பேசினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "உங்கம்மா ஒரு தடவ பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் அந்த ரூம் ஒனக்கு. இல்லேன்னா வைக்கோல் போட்டுருவேன்."

வீடு முடிந்தது. கூடாரத்துக்காரரைக் கெஞ்சி, ஒரு ஞாயிறு பிற்பகல் இயந்திரத்தோடு அழைத்து வந்தேன். ஆண்களும் பெண்களும் எப்படிச் சேர்ந்து உட்காருவது? அதற்கும் என்னிடம் திட்டம் இருந்தது. அப்பாவின் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து அறையின் நடுவே தொங்கவிட்டேன். துணியை நனைத்தால் படம் மறுபக்கமும் தெரியும். இந்தப் பக்கம் இயந்திரமும் ஆண்களும், அந்தப் பக்கம் அம்மாவும் அத்தைமாரும். இதை யோசித்த அன்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

கதவைச் சாத்தினோம். இயந்திரத்தின் விளக்கு சீறியது, அறை இட்லிப் பானையானது. துணியில் ஒரு துரை தோன்றினார். கழுத்தில் அப்பாவின் வேட்டிக் கரை சிவப்பாக ஓட, அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

"சீ! பீச்சாங்கையால திங்கிறான்!" என்றார் அப்பா.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சோத்துக் கையாலதானே சாப்புடுறான்? ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஒனக்குத்தான்டி! முள்ளுக் கரண்டி எந்தக் கையில இருக்குன்னு பாரு!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்!"

பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் அம்மா துணியை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்துவிட்டாள். அவள் கொண்டையின் நிழல் துரையின் தலையில் உட்கார்ந்தது. அத்தைமாரும் வந்தார்கள். அப்பா சரிபார்க்க அந்தப் பக்கம் போனார்.

"அட, சோத்துக் கைதான்!" என்று அங்கிருந்து கத்தினார்.

"இங்கே பீச்சாங்கைதாங்க!" என்றாள் அம்மா.

"அம்மா, அது எப்படின்னா, ஒளி வந்து..."

"சும்மா இருடா, படம் ஓடுது. ஐயா, இன்னொரு தடவ சுத்துங்க."

கூடாரத்துக்காரர் கை ஓயும்வரை சுற்றினார். கதவைத் திறந்தபோது அம்மாவின் புடவை வியர்வையில் தொப்பலாகியிருந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஒரு ஜன்னல் மட்டும் வச்சுரு."

மறுநாளே கொத்தனார் சிரித்துக்கொண்டே வந்து சுவரை இடித்தார். வைக்கோல் தொழுவத்துக்கே போனது. இப்போது அம்மா அந்த ஜன்னலோரம்தான் வெற்றிலை போடுகிறாள். பயாஸ்கோப் வரும் நாளில் மட்டும் ஜன்னலைப் பாயால் மறைக்க வேண்டும். ஆணி அடித்தால் புதுச் சுவர் கெட்டுவிடும் என்கிறார் அப்பா. ஆகவே பாயைத் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்பது நான்தான். துரை எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று அத்தைமார் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.