பேச்சு வரும்வரை காத்திருந்த எங்கள் அய்யா

எங்கள் அய்யா ஆண்டவரிடம் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் பொறுப்பை அண்ணன்மார் இருவரும் இளையவளாகிய என்னிடம் கொடுத்தார்கள். "அய்யாவப் பத்திப் பேச எங்கள விட ஒனக்குத்தான் உரிமை அதிகம்" என்றார் பெரியண்ணன். அதன் காரணம் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அய்யா பிறந்தது தனுஷ்கோடியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மீசை அரும்பும் முன்பே கடலுக்குப் போனவர். அம்மாவை மணந்தபின் தங்கச்சிமடத்தில் குடியேறினார். சொந்த வள்ளம் கிடையாது; கடைசிவரை பிறர் வள்ளத்தில்தான் போனார். அவரிடம் குடி இல்லை, சண்டை இல்லை, பேச்சும் இல்லை. "கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல சாமியார் கேட்டதுக்கு வாயத் தொறந்து பதில் சொன்னாரு. அதுக்கப்பறம் நான் கேக்குறதுக்கெல்லாம் தலைய ஆட்டுறதோட சரி" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு நான் பிறந்தேன். உரிய காலத்தில் நடந்தேன், ஓடினேன், வேண்டியதைக் கையால் காட்டினேன். பேச்சு மட்டும் வரவில்லை. நான்கு வயது முடிந்தும் 'அம்மா' என்றுகூட அழைக்கவில்லையாம். தெருவில் எனக்கு 'ஊமச்சி' என்றே பெயராகிவிட்டது. வாயால் கேட்டால்தான் எதையும் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அம்மா ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை உயரப் பிடித்துக்கொண்டு, "அம்மான்னு சொல்லு, தாரேன்" என்றிருக்கிறார். நான் தரையில் புரண்டு அழ, கடைசியில் அம்மாவும் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அந்த ஆண்டுதான் அய்யாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. புண் புரையோடி, பல மாதம் கடலுக்குப் போக முடியாமல் ஆயிற்று. அம்மா மீன்கூடை சுமந்து பாம்பனுக்கு விற்கப் போவார். அண்ணன்மார் பள்ளிக்கூடம் போவார்கள். வீட்டில் அய்யாவும் நானும் மட்டும் இருப்போம்.

எங்கள் கஷ்டத்தைக் கண்டு அய்யாவின் அக்காவான எங்கள் அத்தை ஒரு முடிவோடு வந்தார்.

"ஏலே தம்பி, இந்தப் புள்ளைய ஊமைப் புள்ளைக விடுதியில சேத்துருவோம். சாமியார்கிட்டயும் பேசிட்டேன். அங்கன சோறு போட்டு வேலையும் படிச்சுக் குடுப்பாகளாம்."

"அவளுக்குக் காது கேக்குதுக்கா" என்றார் அய்யா.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ரயிலு ஊதுனா மொதல்ல வாசலுக்கு ஓடுறது அவதான். முதுகுக்குப் பின்னால செம்பு உருண்டாலும் திரும்புறா. கொஞ்சம் பொறுக்கா."

பெற்ற பிள்ளையைத் தூரத்து ஊரில் விடுவது என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம் அது. அப்படி அனுப்பும் முன், கால் புண்ணுக்கு மருந்து கட்ட ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அய்யா, துணைக்குப் பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். கட்டுப் போட்டு முடித்த டாக்டரிடம், வேற்று மனிதரோடு பேசியே பழகாத அவர், தானாக வாய் திறந்தார். "அய்யா, எம்மவளையும் ஒரு தடவ பாத்துருங்க."

டாக்டர் என் பின்னால் நின்று கை தட்டினார், சாவியைக் குலுக்கினார், மேசைமேல் இருந்த பஞ்சு உருண்டையை எடுத்துவரச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"காது கேட்குது. சொல்றதும் புரியுது. பேச்சு மட்டும் தாமதமா வருது. வீட்டிலே இவளோட யார் பேசுறது?"

அய்யா தலை குனிந்தார். "நான் அதிகமாப் பேசமாட்டேங்கய்யா. என்னாலதானா?"

"உங்களால வந்ததில்லே. ஆனா உங்களால உதவ முடியும். அவ எதைப் பார்க்கிறாளோ அதைப் பத்திப் பேசுங்க. பேசிட்டு நிறுத்தி, அவளுக்கு நேரம் குடுங்க. கையைக் காட்டினாலும் பதில்தான். பேசினாத்தான் சோறுன்னு மட்டும் வச்சிராதீங்க."

விடுதிப் பேச்சு அன்றோடு நின்றது. ரயிலில் திரும்பும்போதே அய்யா தொடங்கிவிட்டதாகப் பெரியண்ணன் சொல்வார். தெரியாத வேலையைப் புதிதாகப் பழகுகிறவரைப் போல அவர் பேசப் பழகினார். கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இது சங்கு. பெரிய சங்கு. உள்ள மண்ணு கெடக்கு" என்பார். பிறகு பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு அந்த அமைதி தாங்காது, அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் பேசாதிருந்த அய்யாவுக்கு அது எளிதாக இருந்தது. அண்ணன்மாரிடமும், "அவளுக்காக நீங்க சொல்லாதீக. அவ சொல்லட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

கரையில் கூட வேலை செய்தவர்கள் கேலி செய்யாமல் இல்லை. "கடல்ல பத்து நாளு கெடந்தாலும் வாயத் தொறக்காத ஆளு, இங்கன பாரு, பதில் சொல்லாத புள்ளகிட்ட என்ன பேச்சுப் பேசுறாருன்னு!" அய்யா கோபித்துக்கொள்ளவில்லை.

மாலையில் நாங்கள் அலை பார்ப்போம். தூரத்தில் அலை எழும்போது, "வருது... வருது..." என்பார். காலை நனைத்ததும், "வந்துருச்சு!" என்று என்னைத் தூக்குவார். எத்தனை மாலை அப்படிப் போயிற்றோ தெரியாது. ஒருநாள் அவர் "வருது... வருது..." என்று சொல்லி நிறுத்தினார். அலை வந்து காலைத் தொட்டது. அவர் பேசவில்லை.

"வந்துச்சு" என்றேன் நான்.

அய்யா கத்தவில்லை, என்னைத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தவும் இல்லை. "ஆமா தாயி, வந்துச்சு" என்று சொல்லி, அடுத்த அலைக்காகக் காத்திருந்தார். ஆனால் வீடு திரும்பும் வழியில் எதிர்ப்பட்டவரை எல்லாம் நிறுத்தி, அவர்களாகக் கேட்காமலே, "எம்மக பேசிட்டா" என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி வந்தாராம்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சொல் வர வெகுநாள் ஆயிற்று. பள்ளியில் சேர்ந்தபோதும் என் பேச்சு குழறும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அய்யா பள்ளிக்கு வந்து, வகுப்பெடுத்த சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசாமப் பாத்துக்கங்க. அது போதும்." சிஸ்டர் அதை அப்படியே காப்பாற்றினார். இன்று நான் அதே போன்ற ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிற்காலத்தில் பேச்சு வராத பிள்ளைகளைப் பலர் அய்யாவிடம் கூட்டி வந்தார்கள். "நான் வைத்தியன் இல்ல, முதல்ல டாக்டரப் பாருங்க" என்பார். பிறகு அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். எல்லாப் பிள்ளைகளும் பேசிவிடவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை. விடுதிப் பள்ளியில் சேர்க்க அவள் தாய் தயங்கியபோது, "இது இவளுக்கு வேணும்த்தா, வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்று உடன் போய்ச் சேர்த்துவிட்டு வந்தவரும் அய்யாதான். விடுமுறைக்கு வரும்போது அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டார்.

சென்ற ஆண்டு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர், அதிகம் துன்பப்படாமல், எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துக் கண் மூடினார்.

படுக்கையில் கிடந்த நாட்களில் உடனிருந்து கவனித்த அக்கம்பக்கத்தாருக்கும், அவசரத்தில் வண்டி கொடுத்தவருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமியாருக்கும் எங்கள் நன்றி. என்னை விடுதிக்கு அனுப்பச் சொன்ன அத்தை, நான் பேசத் தொடங்கியதும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, என்னைக் கதை சொல்லச் சொல்லிக் கேட்டவர். அவருக்கு என் தனி நன்றி. அந்த டாக்டரின் பெயரை அய்யா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இரவுச் செபத்தில், "ராமநாதபுரத்து டாக்டரு" என்றே சொல்லி வேண்டிக்கொள்வார். அவர் எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும்.

அய்யாவோடு ஒரே வள்ளத்தில் போனவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். கடலில் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. பூசை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். அம்மா சோறு வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கள்.