அடையாறில் கேட்காத கேள்வியும் நொச்சிக்குப்பம் மீன் சந்தையும்

கல்லீரல் மாற்று மருத்துவத்தில் ஃபெல்லோஷிப் சேரச் சென்னைக்கு வருகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், ஞாயிறு விடுப்பு உண்டா என்று. (உண்டு. தூங்கியே தீர்ந்துவிடும்.) போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஏழு வருடங்களுக்கு முன் நான் பயிற்சி பெற்ற அடையாறு பக்கத்து மருத்துவமனைக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசப் போயிருந்தேன். அந்த ஒரு நாள் பயணத்தைத்தான் எழுதுகிறேன். அன்று என் பேச்சைக் கேட்ட பன்னிரண்டு பேரும் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து இரவு ரயில், மூன்றாம் ஏசி, 1,040 ரூபாய். எழும்பூர் வரை போகாதீர்கள், மாம்பலத்திலேயே இறங்குங்கள். நான் இறங்கியது காலை 6.20. ஸ்டேஷனை ஒட்டிய ஓட்டலில் பொங்கல், வடை, காபி 130 ரூபாய். மின்சார ரயிலில் சைதாப்பேட்டை, ஐந்து ரூபாய். பயிற்சிக் காலத்தில் அங்கேதான் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருந்தேன். இருந்தேன் என்பதே கொஞ்சம் அதிகம், குளிக்கப் போய் வந்தேன் என்று சொல்லலாம். அங்கிருந்து அடையாறு ஐந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம்.

இந்தப் பயிற்சி என்ன என்று தெரியாதவர்களுக்கு: கத்தி பிடிக்கிறவர்கள் அறுவை நிபுணர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் எங்கள் பாடு. யாருக்கு மாற்ற வேண்டும், யார் அதுவரை தாங்குவார், மாற்றிய பிறகு மருந்தை எவ்வளவு கொடுப்பது. கூடவே இன்னொரு வேலையும் உண்டு. கல்லீரலில் பாதியைத் தர வந்த உறவினரைத் தனியறையில் உட்காரவைத்து, மனதார வந்தீர்களா என்று கேட்பது. தயக்கம் என்று ஒருவர் சொன்னால் அவரை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்க மாட்டோம். 'மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை' என்று நாங்களே பழியை ஏற்றுக்கொள்வோம். உலகெங்கும் இதுதான் வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

பத்து மணிக்குப் பேச்சு. என் ஏழாவது ஸ்லைடு ஜோசப்பைப் பற்றியது, பெயர் போடாமல். நொச்சிக்குப்பத்து மீனவர் அந்தோணிக்குக் கல்லீரல் செயலிழந்திருந்தது. குடும்பத்தில் பொருந்திய ஒரே ஆள் தம்பி ஜோசப், இருபத்தாறு வயது. தனியறையில் அவன், "பயமா கீது சார்" என்றான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவிடாமல் சரி என்று அனுப்பிவிட்டு, அந்தோணியின் மனைவி லூர்துவிடம், "தம்பியின் கல்லீரலில் கொழுப்பு அதிகம், எடுக்க முடியாது" என்றேன். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்குமா என்று காத்திருந்ததில் ஐந்தாவது வாரம் அந்தோணி இறந்துபோனார். 'ஒரு கொடையாளரைக் காப்பாற்றுவது எப்படி' என்று அந்த ஸ்லைடுக்குத் தலைப்பு வைத்திருந்தேன். பன்னிரண்டு பேரும் குறித்துக்கொண்டார்கள். கைதட்டலும் கிடைத்தது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. காப்பாற்றிய ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றியது. பெருமைதான், வேறொன்றும் இல்லை. அடையாறிலிருந்து நொச்சிக்குப்பம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். "இன்னா சார், மீனுக்கா? செவுள தூக்கிப் பாத்து வாங்கு" என்றார் ஓட்டுநர். நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மீன் சந்தையில் கடை போட்டிருந்த லூர்து என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வா சார், நல்லா கீறியா? குந்து" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டி வைத்தார். பக்கத்தில் குனிந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தவன்தான் ஜோசப். தோளும் கையும் வலை இழுப்பதற்கென்றே அமைந்தவை. அந்த உடம்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தது.

"கடலுக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

லூர்துதான் பதில் சொன்னார். "நீதான சார் சொன்ன, ஈரல் முச்சூடும் கொழுப்புன்னு. எப்புடி உடுவேன்? அவரு பூட்டாரு. இவனும் போய்ட்டா? எண்ண பலகாரம் குடுக்கறதில்ல, வெயிட்டு தூக்க உடறதில்ல. பொண்ணு பாத்தோம். உடம்புல நோவு கீதுன்னு தெரிஞ்சதும் வாணாம்னுட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. தான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் ஒப்பித்தார். 'பொருந்தவில்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். நம்பவைக்க வேண்டுமே என்று இல்லாத நோயைச் சொன்னேன். அதற்கு அவர் ஏழு வருடமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டீ வாங்க ஜோசப் எழுந்தபோது கூடவே போனேன். கொழுப்பு என்றது கரையக்கூடியதுதான், சரியாகிவிட்டது என்று இப்போதே அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாணாம் சார்" என்றான். "கடலுக்குப் போனா அண்ணன் போட்டுலதான் போவணும். எந்த மூஞ்ச வச்சிகினு ஏறுவேன்?"

பயந்தது தப்பில்லை, மறுப்பது உன் உரிமை என்று எனக்குத் தெரிந்த பாடத்தைச் சொன்னேன். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி பேசினான்.

"சாவுக்குப் பயப்படல சார். பாதி ஈரல அறுத்துட்டா அப்புறம் வல இழுக்க முடியாது, கடலே கெடையாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அது திரும்ப வளந்துடும்னு அண்ணன் பூட்ட அப்பால டிவில சொன்னாங்க. பயமா கீதுன்னேன், சரின்ட்ட. இன்னா பயம்னு நீ கேக்கல."

கேட்கவில்லை. பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை யாரோ படித்துக்காட்டியிருந்தார்கள், கையெழுத்தும் இருந்தது. விளங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சில மாதங்களில் வளர்ந்துவிடும், பிறகு வலை இழுக்கலாம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

அங்கிருந்து மயிலாப்பூர் இரண்டு கிலோமீட்டர். நடந்தே போனேன். கோயில் குளத்துக்கு அருகில் காபி 35 ரூபாய், நன்றாக இருந்ததா என்று நினைவில்லை. மாம்பலத்துக்கு ஆட்டோ 140. மாலையில் தி.நகரைச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். 7.50க்கு ரயில்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு: சைதாப்பேட்டையில் அறை எடுங்கள், பஸ்ஸும் ரயிலும் கிடைக்கும். குடை வேண்டும். மீனை மாலையில் வாங்கலாம். அந்தப் பன்னிரண்டு பேருக்கு: என் ஏழாவது ஸ்லைடை அடித்துவிடுங்கள். ஜோசப்பை வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அது குற்றம். ஆனால் ஒருவர் பயம் என்றால் எதற்குப் பயம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவருக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டு, மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் மறுத்தால் பழியை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். அவர் தலையில் ஒரு நோயைக் கட்டாதீர்கள்.

நொச்சிக்குப்பத்திலிருந்து கிளம்பும்போது நடந்ததையும் எழுதிவிடுகிறேன். லூர்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இவன் ஈரல் எப்ப சார் சரியாவும்?" பின்னால் நின்ற ஜோசப் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். அவர் அதையும் நம்பினார்.