தை அமாவாசைக்கு அறை இல்லை

இந்த ஆண்டு தை மாதம், மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஜூனியர் காலேஜில் படிக்கும் என் மகளுக்கு, வானம் முழுக்க நட்சத்திரங்களை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மும்பைக்கு வெளியே முர்பாட் ஊரைத் தாண்டி, மலையடிவாரத்தில் தெருவிளக்கே இல்லாத ஒரு கிராமத்தையும், அங்கே அறை வாடகைக்கு விடும் ஒரு மராத்தி அம்மாளையும் கண்டுபிடித்தாள். அவளும் தாராவியிலிருக்கும் அவள் தோழியும் போவதாகத் திட்டம், துணைக்கு நான். தோழியின் அப்பா தையல்காரர். குடும்பத்தோடு திருப்பூருக்கே போய்விடுவதாக இருந்தார். பெண்கள் இருவரும் சேர்ந்து போக இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை.

நிலா இருக்கக் கூடாது என்று தை அமாவாசையைத் தேர்ந்தெடுத்தாள். காலையில் நான் தர்ப்பணம் முடித்துச் சாப்பிட்ட பிறகு கிளம்பும்படி ரயில்கூடப் பார்த்து வைத்திருந்தாள். பௌர்ணமிக்குப் போனால் வெளிச்சமாக இருக்குமே என்று நான் கேட்டதற்கு அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுத்தை, பாம்பு, சிக்னல் கிடைக்காத போன், கூடவே அடுத்தவர் வீட்டுப் பெண் வேறு. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஆபீஸிலிருந்து அந்த அம்மாளுக்குப் போன் செய்து, அமாவாசையன்று வீட்டில் பித்ரு காரியம், வர முடியாது என்று சொல்லி அறையை ரத்து செய்தேன். மகளிடம், அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம் என்றேன்.

பயணம் இல்லை என்றானதும் தோழியின் அப்பா ஊருக்கு முன்னதாகவே டிக்கெட் எடுத்துவிட்டார். அமாவாசைக்கு முதல் நாள் ரயில்.

அவர்கள் கிளம்பும் நாளன்று காலை, கடைசி முயற்சியாக, அந்தக் கிராமத்தில் வேறு அறை ஏதாவது உண்டா என்று கேட்க என் மகள் அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறை காலியாகத்தான் கிடக்கிறது, வீட்டில் பூஜை என்று உங்கள் அப்பா சொன்னாரே, அதனால் என்ன, அடுத்த அமாவாசைக்கு வாருங்கள் என்று அந்த அம்மாள் அன்பாகச் சொன்னார்.

மகள் போனை வைத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "அவா இன்னிக்கு ரயில் ஏறறாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் தோழியின் அப்பா ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் செய்தார். "சார், பாப்பாவ வையாதீய. நேரத்தோட ரூம் போட மறந்துட்டேன்னு காலைல எம்பொண்ணுகிட்ட அழுதுருக்கு. சின்னப்பிள்ளதானே, விடுங்க."

சரி என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வழியில் எதற்கும் கவலைப்படாதீர்கள் என்று ஏதோ சொல்லி முடித்துவிட்டேன்.

ஏன் பழியை நீ ஏற்றுக்கொண்டாய் என்று மகளிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஒன்ன நம்பித்தானேப்பா அவர் பொண்ண அனுப்பறேன்னார். நீ பொய் சொன்னேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவளைப் பாதுகாக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் என் மானத்தைக் காப்பாற்ற என் பெண் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்ததை நினைக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் இன்னும் முடியவில்லை.