வார்னிஷ் காயாத நாற்காலி

இஸ்மேயின் முன்னறையில் எதை எங்கே வைப்பது என்பதை அந்த நாற்காலிதான் முடிவு செய்யும். கால் நீட்டிப் போட்டுக்கொள்ள வாகாக நீளமான கைகள் வைத்த, பழைய துரை நாற்காலி. அவள் புருஷன் காம்ப்டன், கரும்புத் தோட்டத்தில் வேலை கேட்டுப் போன இளவட்ட வயதில், அதில் சாய்ந்திருந்த மேனேஜர் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். மேனேஜர் சீமைக்குத் திரும்பியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டில், அலமாரி எதையும் காம்ப்டன் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

"கூரை ஒழுகுது, துரைக்குச் சிம்மாசனம் கேக்குதாக்கும்!" என்று கத்தினாள் இஸ்மே. கத்தினாளே ஒழிய, மறுநாளே அதற்கு மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு திரைத்துணியின் நிறம், தரைவிரிப்பு, பூச்சாடி எல்லாமே அதற்குப் பொருத்தமாகத்தான் வீட்டுக்குள் வந்தன.

அவர்கள் ஊரான நியூ ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டையே கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். சாமான்களைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, புதுத் திரை மாட்டி, பண்டிகை விடியும்போது முன்னறை புதுசாக இருக்க வேண்டும். இல்லாத வீட்டை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். இந்த வருடம் இஸ்மேக்கு ஊரைவிட மகள்மேல்தான் பயம். பக்கவாதம் வந்த காம்ப்டனை அம்மா தனியாகச் சமாளிக்கிறாளா என்று பார்க்க டொரான்டோவிலிருந்து மார்வா வருகிறாள். "உன்னால முடியலைன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா" என்று போனில் சொல்லியிருந்தாள். முடியும் என்று காட்டத்தான் இஸ்மே இந்த வயதில் ஏணி ஏறி ஒட்டடை அடித்தாள்.

பாழாய்ப்போன மழை விட்டபாடில்லை. நாற்காலிக்குக் கடைசிப் பூச்சு பண்டிகைக்கு முதல் நாள்தான் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பார்பத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, பாகு மாதிரி ஒட்டுது. ஒரு வருஷம் பூசலைன்னா குடியா முழுகிடும்?"

"உன் வேலையைப் பாருடி. உன் வீட்டுத் திரை போன வருஷத்துதுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனா?"

காம்ப்டனைத் தினமும் காலையில் அந்த நாற்காலியில் சாய்த்துவிட்டால் பொழுது சாயும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வார்னிஷ் வேலை தொடங்கியதிலிருந்து கட்டிலே கதி.

"இஸ்மே, என் நாற்காலி எங்கே?"

"நாளைக்கு, மனுசா. மக வர்றப்ப ராஜா மாதிரி உக்காரலாம்."

"முதுகு எரியுது."

"ஒரு நாள் பொறுத்தா ஒண்ணும் கொறைஞ்சிடாது!" என்று வள்ளென்று விழுந்தாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடியற்காலையில் கார் சத்தம் கேட்டு இஸ்மே எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து வந்திருக்கிறார் மனுஷன். சட்டைகூட இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து, கைகளை அதன் கைகள்மேல் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாசல்படியில் மார்வாவின் பெட்டி இடிக்கிற சத்தம். மகள் பார்ப்பதற்குள் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அவ்வளவுதான் அவள் புத்தியில் இருந்தது. அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பில் தூக்கினாள்.

வயசாளித் தோல். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உரிந்து, காயாத வார்னிஷில் ஒட்டி மரத்தோடு நின்றுவிட்டது. அவர் போட்ட அலறலில் பார்பத்தி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"எண்ணெயத் தடவி மெதுவா எடுத்திருக்கலாமேம்மா!" மார்வா அழுதாள்.

"நீ பாத்துடுவியோன்னுதான்டி..." என்றாள் இஸ்மே.

மார்வா கெட்டவள் இல்லை. கட்டுப்போட்ட அப்பாவின் கையைப் பார்த்தாள், அம்மாவின் வயதைப் பார்த்தாள், முடிவெடுத்துவிட்டாள். இஸ்மேயும் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பாள்? பண்டிகைக்கு வந்தவர்களோ, விஷயம் தெரியாமல், "வீட்டைக் கண்ணுல ஒத்திக்கலாம் போல வச்சிருக்கே" என்று புகழ்ந்துகொண்டே கேக் தின்றார்கள். அவளும் இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள்.

பண்டிகை முடிந்ததும் இல்லத்துக்குக் கார் வந்தது. அவருடைய துணிமணிகளை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள். முன்சீட்டில் உட்கார்ந்ததும் காம்ப்டன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"இஸ்மே, நீ ஏறல?"

"இல்ல, மனுசா," என்றாள். "வீட்டைப் பாத்துக்க ஆள் வேணும்ல."