பூச்சிக்குச் சுமந்த நல்ல தண்ணீர்

பூச்சி எண்ணுவதும் ஒரு வேலைதான். பத்து வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும், ஆனால் அந்தப் பத்தும் ஓரிடத்தில் நிற்காது.

ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்னியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், என் மகள் செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது, பழவேற்காட்டில் ஒரு ஓட்டு வீட்டில் மெட்ராஸிலிருந்து வசந்தா அம்மா வந்து பரிசோதனைக்கூடம் வைத்தார். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து மடை வழியாக வாய்க்காலில் இறங்குகிறது. அந்த வாய்க்காலில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் முனியம்மா அக்கா வீட்டார். மருந்து அடித்த மறுநாள் இறால் செத்துக் கரை ஒதுங்கியது. மருந்துக்கடைக்காரர், "பயிர்ல இருக்கிற பூச்சியத் தவிர இது எதையும் தொடாது" என்று சாதித்தார். யார் சொல்வது நிஜம் என்று பார்க்கத்தான் சோதனை.

தண்ணீர் கொண்டுவரவும் பூச்சி எண்ணவும் ஓர் ஆள் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பூச்சியோடு பேச வேண்டியதில்லையே என்று ஒத்துக்கொண்டேன்.

குளத்துப் படியில்

பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் கோட்டைக்குப்பத்தில் கிணறு உப்பு. இந்தப் பூச்சிக்கு உப்பு ஆகாது. மேற்கே நல்ல தண்ணீர்க் குளத்துக்கு நடந்து போக வேண்டும். இடுப்பில் ஒரு பக்கம் குடம், மறுபக்கம் செல்வி. படியில் நின்ற பெண்கள், "யாருக்குடி இவ்ளோ தண்ணி?" என்றார்கள். எனக்குச் சட்டென்று பொய் வராது. "பூச்சிக்கு" என்றேன்.

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நம்ம புள்ளைங்க உப்புத் தண்ணி குடிக்குது, இவ பூச்சிக்கு நல்ல தண்ணி தூக்கினு போறா! சக்கரை போட்டுக் கலக்கிக் குடுப்பியா, இன்னா?"

முதுகில் பிள்ளை

கடுகை விடச் சின்னது அந்தப் பூச்சி. துள்ளித் துள்ளி நீந்துவதால் தண்ணித்தெள்ளு என்போம். மீன்குஞ்சும் இறால் குஞ்சும் இதைத் தின்றுதான் வளரும், இது செத்தால் பின்னால் அதுகளும் சாகும் என்று வசந்தா அம்மா சொல்லியிருந்தார். முனியம்மா அக்கா நம்பவில்லை. "இத்தப் பார்த்தா என் இறாலு ஏன் செத்துதுன்னு தெரிஞ்சிடுமா?" என்று ஒருநாள் சேறு காயாத காலோடு வந்து நின்றார். லென்ஸில் பார்க்கச் சொன்னோம்.

அதற்கு உடம்பு கண்ணாடி போல. முதுகுக்குள் குட்டிகள் அசைவது அப்படியே தெரியும். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "அய்ய, இது புள்ளத்தாச்சிடி! இத்தயா மருந்து ஊத்திக் கொல்லப்போறீங்க?"

நோன்பு

சோதனைக்குப் பெரிய பூச்சி ஆகாது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டிகள்தான் வேண்டும். ஒரு கிளாஸுக்குப் பத்து. கிளாஸுக்குக் கிளாஸ் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும். ஒரு நாள் கழித்து எண்ண வேண்டும், இன்னொரு நாள் கழித்து எண்ண வேண்டும். மெல்ல ஆட்டிப் பார்த்தும் நீந்தாமல் கிடந்தால் கணக்கு முடிந்தது. அந்த இரண்டு நாளும் தீனி கிடையாது. தீனி போட்டால் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடுமாம்.

செல்விக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து அந்தக் கிளாஸ்கள் முன்னால் உட்காருகிறவள் நான். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் மத்தியானம் யாருமில்லை என்று நினைத்து, சோற்றுக்கஞ்சியை விரலில் தொட்டு ஒரு சொட்டு விடப் போனேன். பின்னால் காதர் பாய். கிளாஸ் கழுவுவதும் கணக்கு நோட்டு எழுதுவதும் அவர் வேலை. அது ரம்ஜான் மாதம், அவர் உதடு காய்ந்திருந்தது. திட்டவில்லை. "கைய எடு தங்கச்சி. அதுங்க நோன்புல இருக்குது. எனக்காவது சாயங்காலம் கஞ்சி வரும். அதுங்களுக்கு துவா வேணா கேளு, கஞ்சி ஊத்தாத."

சும்மா தண்ணீர் கிளாஸ்

மருந்தே சேராத கிளாஸ் ஒன்று எப்போதும் ஓரத்தில் இருக்கும். சும்மா தண்ணீர். அதில் பத்துக்கு ஒன்று செத்தால் போகட்டும் என்று விடலாம். அதற்கு மேல் செத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். மருந்து இல்லாமலே சாகிற தண்ணீரில் மருந்தைக் குற்றம் சொல்ல முடியாதே.

முதல் சோதனைக்குக் கொஞ்சம் முன்னால் கூடத்து மண்பானை விரிசல் விட்டுவிட்டது. படித்தவர்கள் இருக்கிற இடம், நல்ல குடமாக இருக்கட்டும் என்று, கல்யாணத்துக்கு என்னைப் பெற்ற நைனா கொடுத்த செப்புக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோனேன். அதில் தண்ணீர் பிடித்துவைத்து, தெளிந்த பிறகு மறுநாள் எடுத்து ஊற்றினோம். முதல் நாள் எண்ணினால் சும்மா தண்ணீரில் ஏழு கிடந்தன. இரண்டாம் நாள் பத்தும்.

பூச்சி வளர்க்கிற தொட்டியில் பழைய தண்ணீரில் இருந்ததெல்லாம் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் கிளாஸில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று வசந்தா அம்மா முடிவுசெய்தார். காதர் பாய் தன் கையைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்தார். "சோப்பு சரியா போவல போல. என் கைதாம்மா இத்தனை உயிரையும் எடுத்திருக்குது."

கடைக்காரர் கேட்டது

இரண்டாம் முறை காதர் பாய் சோப்பையே தொடவில்லை. வெறும் தண்ணீரில் ஒவ்வொரு கிளாஸையும் பத்துத் தரம் அலசினார். அதே குளம், அதே குடம், அதே சாவு. மெட்ராஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் கூடத்தை மூடிவிட்டுச் சாமான்களோடு திரும்பி வரச் சொல்லி.

சேதி கடைவீதிக்கும் போய்விட்டது. முனியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "அந்தக் கடைக்கார ஆளு எல்லார் எதிர்லயும் கேக்கறான்டி: 'சும்மா தண்ணியிலயே சாவுதாமே உங்க பூச்சி, என் மருந்து மேல இன்னாத்துக்குப் பழி போடறீங்க?' நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

மாமியாரின் பெருமை

வீட்டுக்கு வந்தால் மாமியார் கோபமாக இருந்தார். செப்புக் குடம் கூடத்துக்குப் போனதிலிருந்து வீட்டில் பானைத் தண்ணீர்தான். மூடியைத் திறந்து காட்டினார். கொசுப்புழு நெளிந்தது. "இத்த எப்படிக் குடிக்கறது? நம்ம குடத்தக் கொண்டா. அதுல நாலு நாளு தண்ணி நின்னாலும் ஒரு புழு தங்குமா?"

எத்தனையோ தரம் கேட்ட பெருமைதான். அன்றைக்குத்தான் அது உறைத்தது. புழு தங்காத குடத்துத் தண்ணீரில் தண்ணித்தெள்ளு மட்டும் எப்படித் தங்கும்?

சொல்லாமல் குடத்தை மாற்றிவிடலாம் என்று முதலில் தோன்றியதை மறைக்க மாட்டேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஆனால் கூடத்துக்குப் போனபோது காதர் பாய் மறுபடியும் கிளாஸ் அலசிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. செல்வியை இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொன்னேன்: "பாய் மேல தப்பு இல்லம்மா. என் குடந்தான்." வேலை போய்விட்டது என்று நினைத்து அழுதும் விட்டேன்.

வசந்தா அம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "செம்பு இதுங்களுக்கு விஷம்னு புஸ்தகத்துல படிச்சு பரீட்சையும் எழுதினேன். தண்ணி எதுல வருதுன்னு உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணலையேம்மா."

மூன்றாம் முறை

புது மண்பானையை நாலு நாள் குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு சுமந்தேன். இரண்டாம் நாள் எண்ணும்போது பாய் என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார். சும்மா தண்ணீரில் பத்தும் துள்ளின. நான் இரண்டு தரம் எண்ணினேன், அவர் மூன்று தரம். வயலில் அடிக்கிற அளவிலிருந்து குறைத்துக் குறைத்து, துளியிலும் துளியாக மருந்து விட்ட கிளாஸில்கூட ஒன்றும் அசையவில்லை.

சந்தோஷப்படுவதா, அந்தக் குட்டிகளுக்காக வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இந்தக் கணக்கை எழுதிய காகிதத்தோடு வசந்தா அம்மா வயல்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். மருந்து அடித்தால் பத்து நாள் மடை திறப்பதில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த மருந்தடிப்பு முடிந்து சில நாள் கழித்து முனியம்மா அக்கா துள்ளத் துள்ள ஒரு கூடை இறாலோடு வந்து, அதில் இரண்டு கை அள்ளி என் முந்தானையில் போட்டார். "கொழம்பு வெச்சு சாப்டு, பால் ஊறும். ஆனா உன் குடத்துத் தண்ணியில மட்டும் கழுவாதடி, எனக்கு பயமா கீது."

கடைக்காரர் ஒரு டப்பா மருந்தை வைத்துக்கொண்டு செய்த வேலையை, நான் ஒரு உருண்டைப் புளியையும் நைனா கொடுத்த சீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு தரம் செய்தேன் என்பதுதான் என் உத்தியோகத்தின் மொத்தக் கணக்கு.