அந்தத் தொடர்கதையை எழுதினது யாரு?

இன்னிக்கு காலையில ஒரு கமென்ட்...

"ஆன்ட்டி, உங்க போஸ்ட்டெல்லாம் நிஜமாவே நீங்கதான் எழுதறீங்களா?"

அடப்பாவி! இதே கேள்வியை அறுபதுகள்லயே திருச்சி முழுக்க கேட்டாச்சுப்பா!

அப்போ எடமலைப்பட்டி புதூர்ல குடித்தனம். ஒரு வாரப் பத்திரிகையில என் தொடர்கதை வந்துட்டு இருந்துச்சு. என் சொந்தப் பேர்லயே!

செம ஹிட்டு. (நானே சொல்லிக்கிட்டாதான் உண்டு!)

ஆனா அந்தக் காலத்துல ஆம்பளைங்க சிலபேர் பொண்டாட்டி பேர்ல கதை எழுதுவாங்க. அதனால பொம்பளைப் பேரைப் பார்த்தாலே வீட்டுக்காரர்தான் எழுதறார்னு முடிவே பண்ணிடுவாங்க.

மலைக்கோட்டை பக்கத்துல ஒரு வாசகர் மன்றம். அங்க வாராவாரம் என்னைப் பத்தித்தான் சண்டை.

"மீன் குழம்பு வைக்கறதை இவ்ளோ சரியா எழுதியிருக்கே, பொம்பளைதான் சார்!"

"வீட்டம்மாகிட்ட கேட்டு எழுதியிருப்பார் சார்!"

(இதுக்கு மேல நான் என்ன சாட்சி சொல்றது!)

என் வீட்டுக்காரர் திருவெறும்பூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில ஸ்டோர் கீப்பர். யாராவது பாராட்டினா ஆமான்னும் சொல்ல மாட்டார், இல்லைன்னும் சொல்ல மாட்டார். ஒரு சிரிப்பு சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்!

கடைசியில மன்றத்துல பாராட்டு விழாவே வச்சுட்டாங்க. அவருக்கு!!

"ஏங்க, மேடையில உண்மையைச் சொல்லுவீங்கள்ல?"

"சொல்லாம இருப்பேனா?"

மாலை போட்டாங்க. மனுஷன் வாயே திறக்கலை! பொம்பளைங்க வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தலைமை தாங்கினது அவரோட மேனேஜர். மைக்கைப் பிடிச்சார்.

"இவர் எழுத்து எனக்குப் புதுசு இல்லைங்க. போன மாசம் பெரியப்பா இறந்துட்டார்னு ஒரு லீவ் லெட்டர் எழுதினார் பாருங்க... 'என்னைத் தோளில் தூக்கி மலைக்கோட்டை காட்டியவரை இன்று நான் தோளில் சுமக்கப் போகிறேன்'னு! கண் கலங்கிட்டேன். அந்த லெட்டரும் இந்தக் கதையும் ஒரே ஆள் எழுதினதுதான்!"

பொறுக்க முடியலை. எழுந்துட்டேன்.

"ஐயா சொல்றது சரிதாங்க. ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தான். அது நான்தாங்க!"

ஹாலே திரும்பி என்னைப் பார்த்துச்சு.

மேனேஜர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்போ... பெரியப்பா?"

"அவரும் கதைதாங்க. எங்க மாமனாரும் மூத்தவர், மாமியாரும் மூத்தவங்க. இவருக்குப் பெரியப்பாவே கிடையாது!"

(அந்த லீவ் நாள்ல நாங்க ரெண்டு பேரும் முக்கொம்பு அணைக்கட்டுல புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அதை மட்டும் சொல்லலை!)

சிரிப்புல ஹாலே அதிர்ந்துச்சு. மாலை என் கழுத்துக்கு வந்துச்சு. மறுநாள் அவர் கைக்கு மெமோ வந்துச்சு!

சாயங்காலம் பேப்பரையும் பேனாவையும் என் முன்னாடி வச்சார்.

"விளக்கம் கேட்டிருக்காங்க. நீயே எழுதிக் குடும்மா..."

முணுமுணுத்துக்கிட்டே ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். கீழே நான் சொல்லாமலே மூணு வரி சேர்த்தார்.

'இதை எழுதியவர் என் மனைவி. அந்தத் தொடர்கதையை எழுதியவரும் அவரே. மேடையில் சொல்லாதது என் தப்பு.'

அதைப் படிச்சதும் என் கோபமெல்லாம் போயிடுச்சுங்க.

மேனேஜரும் மெமோவை ரத்து பண்ணிட்டார். சிவப்பு மையில ஒரு கண்டிஷன் மட்டும் போட்டிருந்தார்: 'இனி லீவ் லெட்டரை நீங்களே எழுதவும்.'

அந்த வருஷம் முழுக்க மனுஷன் ஒரு நாள் லீவ் எடுக்கலை!