விசிலைத் துடைத்த மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், மாமனார் "ஏதோ கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் துண்டை உதறுவார். முப்பத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக நின்றே சம்பாதித்தவருக்கு, உட்கார்ந்து செய்வதெல்லாம் வேலையாகவே படவில்லை. ஆறு வருடமாக இது மாப்பிள்ளையை உறுத்தியது.

அவர் வேலை, ஒலிப்பதிவுகளிலிருந்து வேண்டாத சத்தங்களை நீக்குவது. சத்தம் திரையில் படமாக விரியும். கனத்த ஒலி கீழே, கீச்சொலி மேலே, உரத்தது பளிச்சென்று. நாய்க் குரைப்பு எது, நாற்காலி முனகல் எது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். ஸ்பீக்கரே போடாமல் வேலையை முடிப்பதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளில் விருந்தினருக்குப் போட்டுக்காட்ட, அவர் கதையை அவரையே சொல்லவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். "இந்தத் தடவை மாமா வாயடைச்சுப் போகணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை உட்கார்ந்தார். திரையின் மேற்பகுதியில் இரண்டிரண்டாகப் பளிச்சென்று கோடுகள். குக்கர்தான் என்று முடிவுகட்டி ஒன்றுவிடாமல் துடைத்தார். கீழ்ப்பகுதியில் மங்கலாகத் தெரிந்த ஏதோ உறுமலையும் விடவில்லை.

பிறந்தநாள் காலையில் போட்டுக்காட்டினார். மாமனார் உண்மையிலேயே வாயடைத்துப் போனார்.

"எப்படி மாமா?"

"வண்டி கிளம்பவே இல்லையே மாப்பிள்ளை."

சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு ஊர்க் கதை முடிந்ததும் இரண்டு விசில் கொடுத்துத்தான் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார். "என்னோடதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதானே இருந்துச்சு" என்று அதைத் திரும்பப் பையில் போட்டார். மாப்பிள்ளை கம்ப்யூட்டரை மறுபடி திறந்தார்.

நல்லவேளை, நீக்கிய எதையும் அவர் வீசுவதில்லை. 'குப்பை' என்று ஒரு கோப்பில் போட்டுவைப்பார். அதை அப்படியே பழைய இடத்தில் சேர்த்து, இந்த முறை ஸ்பீக்கரைப் போட்டே சரிபார்த்தார்.

"ஒரு நாள்கூட நான் லேட்டா போனதில்ல" என்றது மாமனாரின் குரல்.

"ம்க்கும்!" என்றது சமையலறை. மாமியாரேதான். பிறகு இரண்டு விசில்.

ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு "ம்க்கும்" இருந்தது. மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அத்தை சத்தத்தை மட்டும் எடுத்துடவா மாமா?"

"இருக்கட்டும். செக்கிங் இல்லாத வண்டி எங்க ஓடுது?"

மாலையில் ஒரு விருந்தினர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாமனார் துண்டை உதறவில்லை.

"சத்தத்தைக் கண்ணால பாக்குறவரு. தப்பா எடுத்தா திருப்பி வைக்கவும் தெரியும். பெரிய வேலைங்க."

மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.